இ.ஜி.ஆர் கோடு வந்தால் முதலில் காற்றைக் கணக்குப் பாருங்கள்

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய டீசல் கார். செக் லைட் எரிகிறது, மேட்டில் இழுவை இல்லை, அழுத்தி மிதித்தால் பின்னால் வருகிறவனுக்குக் கரும்புகை. ஸ்கேனரைச் சொருகினால் பி 0401 அல்லது பி 0402. இரண்டும் இ.ஜி.ஆர் பற்றிய கோளாறு எண்கள், அதாவது கோடுகள்; எரிந்த புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் அமைப்புதான் இ.ஜி.ஆர். பெரும்பாலான பட்டறைகளில் இதற்கு அடுத்து நடப்பது ஒன்றுதான்: இ.ஜி.ஆர் வால்வைக் கழற்று, கரியைச் சுரண்டு, திருப்பி மாட்டு, கோடை அழி. ஒரு வாரம் நன்றாக ஓடும். அதே லைட் திரும்ப எரியும். அடுத்த தடவை புது வால்வு. அதற்கும் அடங்காவிட்டால் ஒரு தகரத்தை வைத்து அடைத்துவிட்டு “இனிமே தொந்தரவு இருக்காது சார்” என்று அனுப்பிவிடுவார்கள்.

இந்தச் சுற்றுக்குக் காரணம், அந்தக் கோடு எதைச் சொல்கிறது என்பதைத் தப்பாகப் படிப்பது. வால்வு கெட்டுவிட்டது என்று எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் சொல்லவில்லை. ‘நான் போட்ட கணக்கும் வந்த காற்றும் ஒத்துப்போகவில்லை’ என்றுதான் சொல்கிறது. கணக்கு தப்பானதற்கு வால்வும் காரணமாக இருக்கலாம். உள்ளே வரும் காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார், கிழிந்த ஹோஸ், அடைபட்ட சைலன்ஸர், செத்துக்கொண்டிருக்கும் வேக்கம் பம்பு (காற்றை உறிஞ்சி வெற்றிடம் தருவது) என்று வேறு எதுவும் காரணமாக இருக்கலாம்.

கம்ப்யூட்டர் புகையைப் பார்ப்பதில்லை

இ.ஜி.ஆரின் வேலை எளிது. எரிந்து முடிந்த புகையில் ஒரு பங்கை எடுத்து மறுபடி எஞ்சினுக்குக் காற்று நுழையும் வழியான இன்டேக்குக்கே அனுப்புகிறது. அந்தப் புகையில் ஆக்ஸிஜன் குறைவு, கார்பன் டை ஆக்ஸைடும் நீராவியும் அதிகம். அவை சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் சிலிண்டருக்குள் எரியும் வெப்பம் தணிகிறது, நைட்ரஜன் ஆக்ஸைடு உருவாவது குறைகிறது. டீசலில் ஐடிலிங்கிலும் மெதுவாகப் போகும்போதும் வால்வு நிறையத் திறக்கும்; முழு மிதியில் மூடிக்கொள்ளும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும் பெரும்பாலும் மூடியே இருக்கும்.

எவ்வளவு புகை உள்ளே போகிறது என்று அளக்க பி.எஸ்.3, பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதி நிலைகள்) காலத்துக் காமன் ரெயில் டீசல்கள் பெரும்பாலானவற்றில் தனி மீட்டர் கிடையாது. எஞ்சின் எவ்வளவு காற்றை விழுங்கும் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஏர் ஃபில்டர் வழியாக எவ்வளவு புதுக்காற்று வந்தது என்பதை மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் சொல்லும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிச்சம் இருப்பது புகை. அவ்வளவுதான் கணக்கு.

ஆகவே பி 0401, அதாவது ‘ஓட்டம் போதவில்லை’ என்றால், வால்வைத் திற என்று உத்தரவு போட்டும் புதுக்காற்று குறையவில்லை என்று பொருள். பி 0402, ‘ஓட்டம் அதிகம்’ என்றால், இருக்கவேண்டியதைவிடப் புதுக்காற்று குறைவாகத் தெரிகிறது என்று பொருள். இந்த இரண்டு வாக்கியமும் மனசில் நின்றுவிட்டால் தேவையில்லாமல் கழற்றும் வேலையில் பாதி மிச்சம்.

மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாரில் அழுக்குப் படிந்து, வருவதைக் குறைத்துக் காட்டினால் என்ன ஆகும்? கம்ப்யூட்டர் ‘புகை அதிகமாகிவிட்டது’ என்று நினைத்து இ.ஜி.ஆரை மூடப்பார்க்கும், காற்று இல்லை என்று டீசலையும் குறைக்கும். வண்டி இழுக்காது, பி 0402 வரும், வால்வோ பளிச்சென்று இருக்கும். சென்சாருக்கும், காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்கும் நடுவில் உள்ள ஹோஸ் கிழிந்து, அளக்கப்படாத காற்று பக்கவாட்டில் நுழைந்தாலும் இதே கதை. ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும், புகையைச் சுத்திகரிக்கும் கேடலிடிக் கன்வர்ட்டர் அடைத்துப் பின்னழுத்தம் ஏறியிருந்தாலும் இதே கதைதான். பின்னழுத்தம் கூடினால் அதே திறப்பில் புகை கூடுதலாகத் தள்ளப்படும்.

எதிர்ப்பக்கம்: டர்போவுக்குப் பின்னால், அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் ஹோஸில் ஓட்டை இருந்தால், சென்சார் அளந்த காற்றில் ஒரு பகுதி வெளியே போய்விடும். எஞ்சினுக்குக் கிடைப்பதைவிடச் சென்சார் காட்டுவது அதிகம். கம்ப்யூட்டருக்கு அது ‘புகை போதவில்லை’ என்று தெரியும். பி 0401. இங்கேயும் வால்வைக் கழற்றிக் கழுவி ஒரு பிரயோஜனமும் இல்லை.

கணக்கை நாமே போட்டுப் பார்ப்பது

சுவிஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று பல வண்டிகளில் ஓடிய 1,248 சி.சி. டீசலையே எடுத்துக்கொள்வோம். நாலு சிலிண்டர், ஒன்றுக்கு 312 சி.சி. சென்னை வெயிலில், 35 டிகிரியில், ஒரு லிட்டர் காற்று சுமார் 1.15 கிராம். 312 சி.சி. முழுக்க நிரம்பினால் ஏறத்தாழ 360 மில்லிகிராம். ஐடிலிங்கில் முழுக்க நிரம்பாது. 85 சதம் என்று வைத்தால் ஒரு ஸ்ட்ரோக்குக்கு, அதாவது ஒரு சிலிண்டர் ஒருமுறை காற்றை இழுப்பதற்கு, 305 மில்லிகிராம். இது இ.ஜி.ஆர் முழுக்க மூடியிருக்கும்போது வரவேண்டிய அளவு.

சில ஸ்கேனர்கள் மில்லிகிராம் காட்டாமல் வினாடிக்கு எத்தனை கிராம் என்று காட்டும். 850 ஆர்.பி.எம்மில் ஒரு சுற்றுக்கு இரண்டு ஸ்ட்ரோக், நிமிஷத்துக்கு 1,700, வினாடிக்கு 28. அப்படியானால் வினாடிக்குச் சுமார் 8.6 கிராம். இ.ஜி.ஆர் நன்றாகத் திறந்திருந்தால் இது ஐந்து, ஐந்தரை கிராமுக்கு இறங்கும். மில்லிகிராமில் 180 முதல் 200 வரை.

இந்தக் கணக்கை எந்த எஞ்சினுக்கும் போடலாம்: மொத்த சி.சி.யைச் சிலிண்டர் எண்ணிக்கையால் வகுத்து, 1.15ஆல் பெருக்கி, 0.85ஆல் பெருக்கினால் போதும். 2,494 சி.சி. என்றால் 600 மில்லிகிராமை ஒட்டி வரும். பத்து சதம் முன்பின் இருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். ஊட்டியில் பார்க்கிற வண்டிக்கு இந்த எண் பொருந்தாது. 2,200 மீட்டருக்கு மேலே காற்றழுத்தமே 77 கிலோபாஸ்கலை ஒட்டித்தான் இருக்கும். அங்கே அதே 1,248 சி.சி. எஞ்சினில் 250 மில்லிகிராம் வந்தாலே சென்சார் சரி. இதைக் கணக்கில் வைக்காமல் மலையில் நல்ல சென்சாரைத் தூக்கிப்போடுவது சுலபம்.

ஸ்கேனரில் முதல் பத்து நிமிஷம்

கோடை அழிப்பதற்கு முன்னால் எழுதி வையுங்கள். கோடு மட்டும் அல்ல, அது விழுந்த நேரத்து நிலவரத்தையும்: ஆர்.பி.எம், வேகம், தண்ணீர்ச் சூடு, லோடு. ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஸ்கேனரில் தனியாக இருக்கும். 1,900 ஆர்.பி.எம்மில் சீராக ஓடும்போது விழுந்த பி 0401க்கும், ஐடிலிங்கில் விழுந்த பி 0401க்கும் தேடும் இடம் வேறு. முன்னதில் ஹோஸ் கசிவைச் சந்தேகிக்க இடமுண்டு, ஏனென்றால் டர்போ அழுத்தம் அங்கேதான் இருக்கிறது. பின்னதில் அழுத்தம் கிட்டத்தட்ட இல்லை. அடைப்பையோ வால்வையோ பார்க்கவேண்டும்.

கூட வேறு கோடு இருக்கிறதா என்பதும் முக்கியம். மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாரின் கோடான பி 0101 கூட இருந்தால் சென்சாரையும் காற்றுப் பாதையையும் முதலில் முடியுங்கள். பி 0299 கூட இருந்தால் டர்போ அழுத்தம் குறைவு, ஹோஸைத் தடவிப்பாருங்கள். பி 0403 மின்சாரச் சுற்றுக் கோளாறு, பி 0405, 0406 வால்வின் நிலையைச் சொல்லும் சென்சாரின் வோல்டேஜ் குறைவு அல்லது அதிகம். இவை வந்தால் மட்டும் கணக்கு வேலையைத் தள்ளிவைத்து நேராக மல்டிமீட்டரோடு வால்வின் கனெக்டருக்குப் போகலாம். பி 0404, வால்வு சொன்ன இடத்துக்குப் போகவில்லை என்பது. கரி பிடித்து இறுகிய வால்வு பெரும்பாலும் இதைத்தான் போடும்.

காலையில் குளிர்ந்த வண்டியில், எஞ்சினை எடுக்காமல் சாவியை மட்டும் போட்டு ஸ்கேனரில் லைவ் டேட்டா (சென்சார்கள் அந்த நொடி காட்டும் எண்கள்) பாருங்கள். இன்டேக் பிரஷர் சென்சார் வெளிக்காற்றழுத்தத்தையே காட்டவேண்டும். கடலோர ஊர்களில் 100, 101 கிலோபாஸ்கல். 92 காட்டினால் கணக்கின் ஒரு கால் ஏற்கெனவே நொண்டி. தண்ணீர்ச் சூடும் காற்றுச் சூடும் இரண்டு மூன்று டிகிரிக்குள் ஒத்திருக்கவேண்டும். காற்று 31, தண்ணீர் 12 என்று நின்றால் எஞ்சின் எப்போதும் குளிராக இருக்கிறது என்றே கம்ப்யூட்டர் நம்பும்.

பிறகு எஞ்சினைச் சூடேற்றி, 80 டிகிரி தாண்டியதும், ஏ.சி.யை அணைத்து ஐடிலிங்கில் விடுங்கள். ஸ்கேனரில் ஆக்சுவேஷன் டெஸ்ட் (பாகத்தை ஸ்கேனரிலிருந்தே இயக்கிப் பார்ப்பது) இருந்தால் இ.ஜி.ஆரை மூடச் சொல்லிக் காற்றின் எண்ணைப் பாருங்கள், பிறகு திறக்கச் சொல்லிப் பாருங்கள். விளைவு நான்கில் ஒன்றாக இருக்கும். 305, 190 என்று ஏறி இறங்கினால் வால்வும் பாதையும் சென்சாரும் மூன்றும் ஐடிலிங்கில் சரி. கோளாறு ஓட்டத்தில் வருகிறது, ஹோஸையும் பின்னழுத்தத்தையும் தேடுங்கள். இரண்டுக்கும் 300க்குப் பக்கத்திலேயே நின்றால் புகை வரவில்லை: வால்வு திறக்கவில்லை அல்லது பாதை அடைத்திருக்கிறது, அல்லது யாரோ ஏற்கெனவே தகரம் வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் 190லேயே நின்றால் வால்வு திறந்தபடி இறுகிவிட்டது. மூடும்போது 230, திறந்தால் 140 என்று இரண்டுமே கீழிறங்கி, ஆனால் ஏற்ற இறக்கம் மட்டும் ஒழுங்காக இருந்தால் சென்சார் குறைத்துக் காட்டுகிறது அல்லது காற்று வேறு வழியில் நுழைகிறது.

ஒரு எச்சரிக்கை. பல எஞ்சின்களில் நீண்ட நேரம் ஐடிலிங்கில் விட்டால் கம்ப்யூட்டர் தானே இ.ஜி.ஆரை மூடிவிடும், கரி சேராமல் இருக்க. நீங்கள் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் எண் 300ல் நிற்கும். ஒரு தடவை 2,500 வரை ரேஸ் பண்ணி விட்டால் மறுபடி திறக்கும். பிறகு பாருங்கள்.

ஆக்சுவேஷன் வசதி இல்லாத மலிவு ஸ்கேனர்தான் கையில் என்றால், ஐடிலிங்கில் வால்வின் கனெக்டரைப் பிடுங்கி எண்ணைப் பாருங்கள். நல்ல வால்வு ஸ்பிரிங்கில் மூடிக்கொள்ளும், எண் ஏறும். கோடு ஒன்று புதிதாக விழும், அதை அழித்துக்கொள்ளலாம். இதோடு ஒரு ஓட்டமும் போடுங்கள். கனெக்டர் இல்லாமல் ஓட்டும்போது இழுவை வந்து புகை போனால், வால்வு மூடக்கூடிய நிலையில்தான் இருக்கிறது. அதைத் தேவையில்லாத நேரத்தில் திறக்கவைப்பது எது என்று தேடவேண்டும். பிடுங்கியும் எதுவும் மாறவில்லை என்றால் வால்வு கரியில் மாட்டித் திறந்தே நிற்கிறது, அல்லது கோளாறே இ.ஜி.ஆர் பக்கம் இல்லை. இந்த இரண்டில் எது என்பதைக் காற்றின் எண்ணே சொல்லிவிடும்.

பழைய பெட்ரோல் வண்டிகளில் இந்தக் காற்றுக் கணக்கு வேண்டியதில்லை. வேக்கம் வால்வு இருந்தால், சூடான எஞ்சின் ஐடிலிங்கில் இருக்கும்போது கைப்பம்பால் வேக்கம் கொடுங்கள். எஞ்சின் தடுமாறி நின்றுவிட்டால் பாதை திறந்திருக்கிறது. ஒன்றுமே நடக்காவிட்டால் அடைப்பு. பெட்ரோலில் இ.ஜி.ஆர் ஐடிலிங்கில் மூடியே இருக்கவேண்டியது. மூடாவிட்டால் சிக்னலில் நிற்கும்போது உதறி அணையும். திறக்காவிட்டால் மேட்டில் எஞ்சின் தட்டும். டீசலில் திறக்காத வால்வு ஓட்டுகிறவருக்குப் பெரும்பாலும் தெரியவே தெரியாது, லைட் மட்டும்தான்.

வேக்கம் வகை வால்வு

ஜீப் வகை வண்டிகளிலும் பழைய யுட்டிலிட்டி வண்டிகளிலும் மின்மோட்டார் கிடையாது. வேக்கத்தில் இழுபட்டு வால்வைத் திறக்கும் ஒரு டயஃப்ரம், அதற்கு ஒரு மெல்லிய ஹோஸ், நடுவில் வேக்கத்தை விடவும் நிறுத்தவும் மின்சாரத்தில் இயங்கும் ஒரு சோலனாய்டு. பம்பு பல வண்டிகளில் டைனமோவின் முதுகிலேயே இருக்கும்.

இங்கே முதல் சோதனைக்கு ஒரு டூலும் வேண்டாம், பிரேக் பெடல் போதும். பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டரும் அதே பம்பில்தான் தொங்குகிறது. இ.ஜி.ஆர் கோடோடு பெடலும் கல்லாக இருக்கிறது என்றால் பம்பையோ மெயின் ஹோஸையோ பாருங்கள். இது புகைப் பிரச்சினை மட்டும் அல்ல, பிரேக் பிரச்சினை, வண்டியை வெளியே விடாதீர்கள். பெடல் நன்றாக இருந்தால் கேஜை வைத்து அளவெடுங்கள். ஐடிலிங்கில் பம்பின் வாயில் 600 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல் இருக்கவேண்டும். வால்வின் டயஃப்ரத்துக்குக் கைப்பம்பால் 500 கொடுத்து அரை நிமிஷம் பிடியுங்கள். முள் இறங்கினால் டயஃப்ரம் கிழிந்துவிட்டது, அதற்குக் கழுவல் வைத்தியம் இல்லை. முள் நின்று, தண்டும் நகர்ந்தால் வால்வு சரி. நடுவில் இருக்கும் சோலனாய்டும் ஹோஸும்தான் பாக்கி.

ஹோஸ் பெரும்பாலும் முனையில்தான் வெடிக்கும். நீளம் இருந்தால் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மாட்டலாம். எண்ணெய் ஊறி உப்பிப் பஞ்சுபோல் ஆகியிருந்தால் முழுசாக மாற்றுங்கள். அந்த எண்ணெய் பம்பிலிருந்து வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சோலனாய்டுக்கு வெளிக்காற்று எடுக்கும் சின்னத் துவாரத்தில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருக்கும். நம் ஊர்த் தூசியில் அது அடைத்தால் வேக்கம் ஏறும், இறங்காது. வால்வு திறந்தபடி நிற்கும். யாரும் பார்க்காத இடம். வேறு வேலைக்குக் கழற்றி மாட்டும்போது சோலனாய்டின் இரண்டு ஹோஸும் இடம் மாறிப்போவதும் வழக்கமாக நடப்பதுதான்.

கனெக்டரில்

மின் வால்வுகளில் ஐந்து பின் கனெக்டர் வழக்கம்: மோட்டாருக்கு இரண்டு, நிலை சென்சாருக்கு மூன்று. கனெக்டரைக் கழற்றிச் சாவி போட்டால் மூன்றில் ஒன்றில் 5 வோல்ட் வரவேண்டும், ஒன்று எர்த். மாட்டிய நிலையில் பின்பக்கம் ஊசி குத்திச் சிக்னலைப் பார்த்தால் மூடியிருக்கும்போது ஒரு வோல்ட்டை ஒட்டியும், முழுக்கத் திறந்தால் நாலை ஒட்டியும் இருக்கும். முக்கியமானது எண் அல்ல, நடுவில் துள்ளாமல் சீராக ஏறுகிறதா என்பது. மூடிய நிலையில் ஒன்றே முக்காலில் நின்றால் சீட்டில் கரித்துண்டு மாட்டியிருக்கிறது.

இந்த ஒயர்கள் எஞ்சின் சூட்டிலேயே வருஷக்கணக்கில் கிடப்பவை. மேல் ஸ்லீவை நீக்கி வளைத்துப் பாருங்கள். பிஸ்கட் மாதிரி உடைந்தால் உள்ளே செம்பும் கறுத்திருக்கும். மல்டிமீட்டரில் கண்டின்யூட்டி பீப் அடித்தது என்று விட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் அது பீப் அடிக்கும். வால்வை இயக்கும்போது எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் வோல்டேஜ் பாருங்கள், 0.1 வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் சரியில்லை. பல்பு டெஸ்ட் லேம்பைக் கம்ப்யூட்டர் ஒயரில் குத்தவே கூடாது. பேட்டரியும் ஒழுங்காக இருக்கவேண்டும். ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இல்லையென்றால் முதலில் சார்ஜிங்கைச் சரிசெய்யுங்கள், பாதிக் கோடுகள் அதிலேயே காணாமல் போவதும் உண்டு.

கழற்றினால் கரியைப் படியுங்கள்

எண்கள் வால்வைத்தான் கைகாட்டுகின்றன என்று உறுதியான பிறகு கழற்றுங்கள். எஞ்சின் ஆறவேண்டும், பேட்டரி நெகட்டிவ் கழற்றவேண்டும், வால்வில் தண்ணீர்ப் பாதை இருந்தால் கூலண்ட்டை இறக்கவேண்டும். சூட்டில் வெந்த போல்ட்டுகளுக்கு முந்தின நாளே துரு எண்ணெய் அடித்து ஊறவிட்டால் நல்லது. அலுமினிய ஹவுசிங்கில் போல்ட் உடைந்தால் அரைநாள் வேலை இரண்டு நாள் ஆகிவிடும்.

வெளியே வந்ததும் பிரஷ்ஷை எடுக்காதீர்கள். வெளிச்சத்தில் பிடித்து அந்தக் கரி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். விரலில் ஒட்டும் உலர்ந்த கறுப்புப் பொடி என்றால் இத்தனை கிலோமீட்டருக்கு அது இயல்பு. தார் மாதிரி பளபளவென்று ஈரமாக, இழுத்தால் நூல் வருகிற கரி என்றால் எண்ணெய் கலந்திருக்கிறது: எஞ்சின் பிரீதரிலிருந்து வரும் எண்ணெய்ப்புகை அல்லது டர்போ சீல். அதைக் கவனிக்காமல் வால்வை மட்டும் கழுவினால் சில மாதத்தில் மறுபடி இதே இடத்தில் நிற்பீர்கள். ஒரு பக்கம் மட்டும் கழுவிவிட்டதுபோல் சுத்தமாகவோ, வெள்ளைப் படிவோடு துருப்பிடித்தோ இருந்தால் கூலண்ட் உள்ளே வருகிறது. திரும்பும் புகையைத் தண்ணீரால் குளிரவைக்கும் இ.ஜி.ஆர் கூலர் ஓட்டை.

இந்தக் கடைசி விஷயத்தில் நிதானம் வேண்டும். ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது, கீழே சொட்டு இல்லை, காலையில் எடுத்ததும் வெள்ளைப்புகை. இதைக் கேட்டதும் ஹெட் கேஸ்கட் என்று முடிவுகட்டி ஹெட்டை இறக்குபவர்கள் உண்டு. அதற்கு முன் கூலரைத் தனியாகக் கழற்றி, தண்ணீர் வாய்களில் ஒன்றை அடைத்து, மற்றதில் ஒரு பார் காற்று கொடுத்து, வெந்நீர் வாளியில் முக்கிப் பாருங்கள். புகைப் பாதையில் குமிழி வந்தால் கூலர் போச்சு. குளிர்ந்த நீரில் வராத மெல்லிய விரிசல் வெந்நீரில் வாய் திறக்கும். ஒட்டு, வெல்டிங் எல்லாம் வேண்டாம். ஒட்டு திரும்பவும் விட்டுப்போனால் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும், கனெக்டிங் ராடு வளையும்.

கழுவும்போது மோட்டார், கனெக்டர் பகுதி மேலே இருக்கும்படி பிடித்து, வால்வுத் தலையை மட்டும் கீழே தொங்கவிட்டு கார்புரேட்டர் கிளீனர் அடியுங்கள். முழுசாக முக்கினால் மோட்டாருக்குள் கரிக்குழம்பு இறங்கும். ஸ்குரு டிரைவரால் நெம்பித் தள்ளக்கூடாது. உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கும் வகைகளில் பல் முறிந்துவிடும். ஊறவிட்டு, பிளாஸ்டிக் பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி ஊறவிட்டால் தானே கழலும். முடிந்ததும் சீட்டின் மேல் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு நிமிஷம் பாருங்கள். லேசாகக் கசிந்தால் பரவாயில்லை, ஒழுகினால் வால்வு சீட்டில் உட்காரவில்லை.

வால்வுக்கு எதிரே இருக்கும் துவாரத்தையும் பார்க்காமல் மூடவேண்டாம். இன்டேக் மேனிஃபோல்டின் வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குச் சுருங்கியிருக்கும் வண்டிகள் சாதாரணம். அதைக் கழற்றாமல் உள்ளே சுரண்டினால் கரித்துண்டுகள் சிலிண்டருக்குத்தான் போகும். ஓடும் டீசல் எஞ்சினில் இன்டேக் வழியாக எரியக்கூடிய கிளீனரை அடித்துச் சுத்தம் செய்யும் வித்தையும் வேண்டாம். டீசல் எஞ்சின் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ரேஸ் ஆகும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. மேனிஃபோல்டைக் கழற்றியே கழுவுங்கள். அது அலுமினியம் என்றால் காஸ்டிக் சோடாத் தொட்டியில் போடாதீர்கள். இரும்புக்குச் சரி, அலுமினியத்தைத் தின்றுவிடும்.

மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாருக்கு அதற்கென்று விற்கும் ஸ்பிரே மட்டும்தான். கார்புரேட்டர் கிளீனர் வேண்டாம், பட்ஸ் வேண்டாம், காற்றுக் குழாயை நேராகப் பிடிக்கவும் வேண்டாம்; உள்ளே இருக்கும் படலம் முடியைவிட மெல்லியது. அடித்துவிட்டு இருபது நிமிஷம் காயவிட்டு மாட்டுங்கள். எண்ணெய் தடவும் வகை ஏர் ஃபில்டர் போட்டிருந்தால் அடுத்த அழுக்கு அங்கிருந்தே வரும்.

மாட்டும்போது புது பேக்கிங். பழைய உலோக பேக்கிங் ஒருமுறை நசுங்கினால் அவ்வளவுதான். மேலே பேஸ்ட் தடவினாலும் புகை ஊதும். சின்ன போல்ட்டுக்கு, பத்து நம்பர் ஸ்பேனர் பிடிக்கிற 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு, 10 நியூட்டன் மீட்டர் போதும். 8 மில்லிமீட்டருக்கு 25ஐ ஒட்டி. சாவி போட்டு அணைத்து அரை நிமிஷம் விட்டால் பல வால்வுகள் மூடிய இடத்தைத் தானே கற்றுக்கொள்ளும். சிலவற்றுக்கு ஸ்கேனரில் அடாப்டேஷன் (அதைக் கற்றுக்கொள்ள வைக்கும் உத்தரவு) கொடுக்கவேண்டும், புது வால்வு என்றால் கட்டாயம். இதை விட்டுவிட்டு ‘புது வால்வும் கெட்டது’ என்று திருப்பிக்கொடுப்பது அடிக்கடி நடக்கிறது.

தகரம் வைப்பது

டம்மி பிளேட் வைத்தால் இழுவை வரும், கரி குறையும் என்பது உண்மை. பழைய வண்டிகள் பல இதனால்தான் தகரத்தோடு ஓடுகின்றன. சோதனைக்காக ஒரு மில்லிமீட்டர் இரும்புத் தகரத்தை ஒரு நாள் வைத்துப் பார்ப்பதில் தப்பில்லை. வால்வு கசிகிறதா என்று உறுதிசெய்ய அதுவே விரைவான வழி. நிரந்தரமாக வைப்பது வேறு. நைட்ரஜன் ஆக்ஸைடு எகிறும், கம்ப்யூட்டர் பி 0401 போட்டுக்கொண்டே இருக்கும், சில வண்டிகள் அதற்காகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும், நிரந்தரமாக எரியும் செக் லைட்டுக்குப் பின்னால் நாளைக்கு வரும் நிஜமான கோளாறு ஒளிந்துகொள்ளும்.

“புகைச் சோதனையில பாஸ் ஆகுதே” என்பார்கள். ஆகும். டீசலுக்கான நம் புகைச் சோதனை கரும்புகையின் அடர்த்தியைத்தான் அளக்கிறது: பி.எஸ்.4க்கு முந்தியவைக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு, பி.எஸ்.4க்கு 50. கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்ஸைடை அது தொடுவதே இல்லை. திறந்தபடி இறுகிய வால்வு அந்தச் சோதனையில் தோற்கும், தகரம் வைத்தது ஜெயிக்கும். இருந்தாலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் புகை விதியை மீறினால் 2019 திருத்தத்துக்குப் பின் 10,000 ரூபாய் வரை அபராதம், லைசென்ஸும் மூன்று மாதம் போகும். வண்டிக்காரருக்கு இதைச் சொல்லாமல் தகரத்தை வைத்து அனுப்புவது நியாயமில்லை.

வண்டியைக் கொடுக்கும் முன்

கோடை அழித்துவிட்டு உடனே சாவியைக் கொடுக்காதீர்கள். இந்தக் கோடுகள் பெரும்பாலும் இரண்டு ஓட்டங்களில் தொடர்ந்து கோளாறு தெரிந்தால்தான் லைட்டை எரியவிடும். முதல் தடவை பெண்டிங் என்று உள்ளேயே வைத்திருக்கும். இருபது முப்பது கிலோமீட்டர், அதில் பாதியாவது நாலாவது கியரில் 50, 60 வேகத்தில் மிதியை அசைக்காமல் ஓட்டுங்கள். இ.ஜி.ஆர் தன்னைச் சோதித்துக்கொள்வது அந்த மாதிரி ஓட்டத்தில்தான். டவுன் நெரிசலில் பத்து கிலோமீட்டர் சுற்றி வந்தால் சோதனையே நடந்திருக்காது. திரும்பி வந்து பெண்டிங் கோடு இருக்கிறதா பாருங்கள். மூடி 300, திறந்து 190 என்று வந்த எண்களை ஜாப் கார்டில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே வண்டி அதே லைட்டோடு வந்தால், எந்த எண் நகர்ந்திருக்கிறதோ அங்கிருந்து தொடங்கலாம்.